வானிலிருந்து நிலத்தை அளக்கும் சின்னஞ்சிறு விமானம்



சென்ற ஆண்டு நம் பள்ளியில் நடந்த விளையாட்டு விழாவை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நான்கு இல்லங்களின் மாணவியரும் கொடி பிடித்து அணிவகுத்து வருகையில், ஆயிரம் வண்டுகள் ஒன்றுசேர்ந்து ரீங்காரமிட்டாற்போன்று தலைக்கு மேலே ஓர் ஓசை கேட்டதல்லவா? "நேரே பார்!" என்று விளையாட்டு ஆசிரியை கூறிக்கொண்டேயிருக்க, நாம் அனைவரும் மேலே பார்த்தோம். நீல இல்லத்தாரின் நடை குழம்பியதும், அதனால் அவர்கள் பரிசை இழந்ததும் பழைய கதை. அங்கே நான்கு விசிறிகளை உடைய வெண்ணிறப் பெட்டி ஒன்று, கயிற்றில் கட்டித் தொங்கவிட்டதுபோல் ஆகாயத்தில் நின்றுகொண்டிருந்தது. அதுதான் ட்ரோன் எனப்படும் ஆளில்லா விமானம்.

என்னை வியக்கவைத்தது அது பறந்தது அன்று. அன்று நல்ல காற்று. மைதானத்து வண்ணத்தோரணங்கள் எல்லாம் படபடத்துக்கொண்டிருந்தன. அதனை இயக்கிய புகைப்படக்காரரோ, கைப்பெட்டியைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு ஆற அமரத் தேநீர் அருந்தினார்! ஆனாலும் அந்த ட்ரோன் இருந்த இடத்தைவிட்டு ஒரு முழம்கூட நகரவில்லை. அவ்வாறாயின் அதனைப் பிடித்துக்கொண்டிருந்தவர் யார்? இக்கேள்வியை விஞ்ஞான ஆசிரியையான அருட்சகோதரியிடம் கேட்டேன். "நீயே படித்துத் தெரிந்துகொண்டு மலருக்கு எழுதித் தா" என்று கூறிவிட்டார்கள். அதன் விளைவே இக்கட்டுரை.

தலையில் நீர்க்குடத்தை வைத்துக்கொண்டு வரப்பின்மேல் நடந்துவரும் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். குடம் இடப்புறம் சாய்வதற்குள் அவள் கழுத்து வலப்புறம் சற்றே அசைகிறது. அவள் அதனை எண்ணிப் பார்த்துச் செய்வதில்லை. 'ஆட்டோ பைலட்' என்னும் தானியங்கி ஓட்டுநர் செய்யும் வேலையும் இத்தகையதே. தீப்பெட்டி அளவுள்ள ஒரு மின்சுற்று அட்டையில் சில உணர்விகள் உள்ளன. எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறோம் என்பதைக் கைரோஸ்கோப் சொல்கிறது. கீழ் எது மேல் எது என்பதை முடுக்கமானியும், வடக்கு எது என்பதைக் காந்தமானியும் சொல்கின்றன. காற்றழுத்தமானி உயரத்தை அறிவிக்கிறது. தரைக்கு அருகில் 8 மீட்டர் மேலே போனால் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 மில்லிபார் குறையும் என்பதே இதன் அடிப்படை. இவை யாவும் தரும் செய்திகளை ஒரு சிறு கணிப்பொறி வாங்கி, வினாடிக்கு நூறு தடவைக்கும் மேலாகக் கணக்கிட்டு, ஒவ்வொரு மோட்டாரும் எவ்வளவு வேகமாகச் சுற்றவேண்டும் எனக் கட்டளையிடுகிறது. காற்று தள்ளுவதை நம் கண் காணுமுன் அது சரிசெய்துவிடுகிறது.

எஞ்சியது, பூமியின்மேல் எந்த இடத்தில் இருக்கிறோம் என்ற கேள்வி. அதற்குப் பதில் சொல்பவை ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்கள். ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் இக்கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞை கிடைத்தால், அவை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக்கொண்டு இடத்தைக் கணக்கிட்டுவிடலாம். இக்கோள்கள் அமெரிக்க இராணுவத்தினுடையவை. பிறருக்குக் கிடைத்த சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தார்கள். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அப்பிழையை நீக்கினார்கள். அன்று நீக்காதிருந்தால் இன்று வாடகைக் கார் நம் வீட்டு வாசலுக்கு வராது. ட்ரோனும் ஓரிடத்தில் நிற்காது.

விமானத்தைத் தானே பறக்கச்செய்யும் கருவி புதிதன்று. பெரிய விமானங்களில் அது நெடுங்காலமாக உண்டு. ஆனால் அதன் விலையோ நம்மைப் போன்றோர் நினைத்துப் பார்க்கக்கூடியதாக இல்லை. அதனை மலிவாக்கிய பெருமை கைபேசியையே சாரும். நாம் கைபேசியைப் பக்கவாட்டில் திருப்பினால் திரைப்படம் அகலமாகத் திரும்புகிறதே, அதற்குக் காரணம் உள்ளேயிருக்கும் முடுக்கமானிதான். கோடிக்கணக்கான கைபேசிகளுக்காக அவற்றை உற்பத்தி செய்தபோது, முன்பு பெரும்பொருள் கொடுத்து வாங்கவேண்டியிருந்த உணர்வி, அரிசிமணியைவிடச் சற்றே பெரிய துண்டாகி, சில ரூபாய்க்குக் கிடைக்கலாயிற்று.

இவ்விடத்தில் இருவரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். ஒருவர் கிறிஸ் ஆண்டர்சன். அமெரிக்காவில் 'வயர்டு' என்னும் பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர். 2007-இல் தம் பிள்ளைகளோடு விடுமுறைப் பொழுதைக் கழிக்க எண்ணி, லெகோ விளையாட்டுக் கட்டைகளில் வரும் இயந்திர மூளையைக்கொண்டு ஒரு பொம்மை விமானத்துக்கு ஆட்டோ பைலட் செய்து பார்த்தார். பிள்ளைகளுக்கு விரைவில் சலித்துவிட்டதாம். தந்தைக்குத்தான் பித்துப் பிடித்தது! மற்றொருவர் ஜோர்டி முன்யோஸ் என்னும் மெக்ஸிகோ நாட்டு இளைஞர். அப்போது அவருக்கு இருபது வயதையொட்டி இருக்கும். அமெரிக்காவில் குடியிருப்பு அனுமதிக்காகக் காத்திருந்த மாதங்களில் வேலைக்கும் போக முடியாமல், கல்லூரிக்கும் போக முடியாமல் வீட்டில் இருந்தார். பொழுதைப் போக்க, 'நின்டெண்டோ வீ' என்ற வீடியோ விளையாட்டின் கைப்பிடியைப் பிரித்து, அதிலிருந்த உணர்வியை எடுத்துப் பொம்மை ஹெலிகாப்டரில் பொருத்தித் தானாகவே நிலைத்துப் பறக்கச் செய்தார். இதனை அறிந்த ஆண்டர்சன், முன்பின் பார்த்திராத அவ்விளைஞருக்கு 500 டாலர் அனுப்பிவைத்தார். பின்னர், 2009-இல், இருவரும் சேர்ந்து 'த்ரீ டி ரோபாட்டிக்ஸ்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 'ஆர்டுபைலட்' என்ற ஆட்டோ பைலட் பிறந்ததும் இந்தக் காலத்தில்தான்.

ஆர்டுபைலட்டின் சிறப்பு, அதன் கணிப்பொறி நிரலை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்பதே. ஒரு வீட்டில் ஊறுகாய்ப் பக்குவம் நன்றாக அமைந்தால் தெருவே கேட்டு எழுதிக்கொள்ளுமே, அதுபோல. பல நாட்டு ஆர்வலர்கள் அதில் கைவைத்துச் செப்பனிட்டார்கள். 2013-இல் சீன நிறுவனமான டி.ஜே.ஐ. 'ஃபாண்டம்' என்ற நாலுவிசிறி விமானத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபின், ஆண்டர்சனின் நிறுவனத்தால் விலையில் அதனோடு போட்டியிட முடியவில்லை. 2016-இல் பொதுமக்களுக்கான ட்ரோன் தயாரிப்பைக் கைவிட்டது. ஆனால் ஆர்டுபைலட் அழியவில்லை. இன்றும் விமானங்களையும் படகுகளையும் ஓட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, படம் எடுப்பதற்கும் நிலத்தை அளப்பதற்கும் என்ன தொடர்பு?

நிலத்தை அளப்பது எத்துணைக் கடினம் என்பதற்கு நம் ஊர்களே சாட்சி. 1802-இல் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேயர், இந்தியாவை அளக்கும் பெரும்பணியைச் சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் தொடங்கினார். முதலில் ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே ஒரு நேர்கோட்டைச் சங்கிலியால் அளந்தார்; அதற்கே ஏறக்குறைய இரண்டு மாதங்கள் ஆயின. அவர் பயன்படுத்திய தியோடலைட் என்னும் கோணமானியின் எடை அரை டன். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின்மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கிவிட்டது. லாம்டன் மனந்தளராமல் கூடாரத்துக்குள் புகுந்து, வாரக்கணக்கில் உழைத்து, தம் கையாலேயே அதனைச் சீர்செய்தார். அரை டன் கருவியைக் கோபுரத்தில் ஏற்றிய இடத்தில், இன்று ஒரு கிலோகூட இல்லாத விமானம் ஏறுகிறது. இருவருக்கும் துணைநிற்கும் கணிதம் என்னவோ ஒன்றுதான்: நாம் முட்டி மோதிப் படிக்கும் முக்கோணக் கணிதம்!

இதனை விளக்க, இந்தோனேசியாவின் சுமத்ரா தீவுக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன்.

அங்குள்ள மழைக்காடுகளில் ஒராங்குட்டான் என்னும் குரங்கினம் வாழ்கிறது. மலாய் மொழியில் 'ஓராங்' என்றால் மனிதன், 'ஹூத்தான்' என்றால் காடு. 'காட்டு மனிதன்' என்று பொருள். சுமத்ராவின் ஒராங்குட்டான் தரைக்கு இறங்குவது அரிது. தாய் ஏறக்குறைய 8 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் குட்டி ஈனும். ஆதலால் சில தாய்களை இழந்தாலும் அந்த இழப்பை ஈடுசெய்ய நெடுங்காலம் ஆகும். இவ்வினம் அழிவின் விளிம்பில் நிற்கிறது. இவை வாழும் காடுகள் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்காக வெட்டப்படுவது அதற்கு ஒரு பெருங்காரணம். நாம் தின்னும் பிஸ்கட்டிலும் குளிக்கும் சோப்பிலும் அந்தப் பாமாயில் உண்டு.

எத்தனை ஒராங்குட்டான்கள் எஞ்சியுள்ளன என்று எண்ணுவது எப்படி? அவை கண்ணில் படுவதில்லை. ஆனால் ஒவ்வொரு மாலையும் மர உச்சியில் கிளைகளை வளைத்துப் புதிதாக ஒரு கூடு கட்டி உறங்குகின்றன. எனவே ஆராய்ச்சியாளர்கள் கூடுகளை எண்ணுகிறார்கள். அட்டைப்பூச்சிகளுக்கிடையே, சேற்றில், அண்ணாந்து பார்த்துக்கொண்டே கிலோமீட்டர் கணக்கில் நடக்கவேண்டும். சுமத்ரா முழுவதும் இவ்வாறு நடந்து முடிக்கச் சில ஆண்டுகளும் இரண்டரை இலட்சம் டாலர் வரையும் செலவாகுமாம். செயற்கைக் கோள் படத்தை வாங்கலாமென்றால், அங்கே வானம் பெரும்பாலும் மேகமூட்டமாகவே இருக்கும்; படத்தில் பஞ்சுப்பொதிதான் தெரியும்.

இந்த இடத்தில்தான் சிங்கப்பூரைச் சேர்ந்த லியான் பின் கோவும், நெதர்லாந்தைச் சேர்ந்த செர்ஜ் விக்கும் வருகிறார்கள். இருவரும் உயிரியல் அறிஞர்கள். விமானப் பொறியாளர்கள் அல்லர். நுரைப்பொருளால் செய்த பொம்மை விமானம் ஒன்றை வாங்கினார்கள். அதன் சிறகு நுனிக்கு நுனி 1.4 மீட்டர். அதில் ஆர்டுபைலட் அட்டையையும், சட்டைப்பையில் வைக்கும் சாதாரணக் காமிரா ஒன்றையும் பொருத்தினார்கள். எல்லாம் சேர்ந்து 2,000 டாலருக்கும் குறைவு. சோதனைகளில் அது பல தடவை விழுந்து நொறுங்கியது. ஒட்டி ஒட்டிப் பறக்கவிட்டார்கள். 2012 பிப்ரவரியில் வடக்குச் சுமத்ராவில் அராஸ் நாப்பால் என்ற இடத்தில் பறந்தபோது, ஏறக்குறைய 25 நிமிடங்களில் 15 கிலோமீட்டர் சுற்றிவரும் திறன் அதற்கு இருந்தது. கணிப்பொறித் திரையில் வரைபடத்தை வைத்து, போகவேண்டிய இடங்களில் புள்ளி வைத்தால் போதும். கையால் வீசி எறிந்தவுடன் அது புள்ளிக்குப் புள்ளி தானே சென்று திரும்பும். கோலத்துக்குப் புள்ளி வைத்து இழை இழுப்பதைப் போன்றதுதான்.

சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போமா? (கணக்குப் பிடிக்காதவர்கள் இப்பத்தியைத் தாண்டிவிடலாம், ஆசிரியையிடம் சொல்லமாட்டேன்.) காமிராவின் வில்லை, அதன் பின்னுள்ள சிறு தகடு, கீழேயுள்ள நிலம் ஆகியவை இரண்டு வடிவொத்த முக்கோணங்களாக அமையும். தகட்டின் அகலம் 6 மில்லிமீட்டர், குவியத் தூரம் 5 மில்லிமீட்டர் என்று கொண்டால், 100 மீட்டர் உயரத்திலிருந்து எடுக்கும் படத்தில் 120 மீட்டர் அகல நிலம் அடங்கும். படத்தில் அகலவாக்கில் 4,000 புள்ளிகள் இருப்பின், ஒரு புள்ளி 3 சென்டிமீட்டர் நிலத்தைக் காட்டும். ஆனால் படங்களைப் பின்னர் இணைக்கவேண்டுமாகையால், பக்கத்துப் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று 60 சதவீதம் படியவேண்டும். எனவே ஒவ்வொரு வரிசைக்கும் 48 மீட்டர்தான் தள்ளிப்போகலாம். ஒரு சதுர கிலோமீட்டரை முடிக்க 21 வரிசைகள், அதாவது 21 கிலோமீட்டர் பறக்கவேண்டும். மின்கலமோ 15 கிலோமீட்டரில் தீர்ந்துவிடும்! உயரத்தை 200 மீட்டராக்கினால் 11 வரிசைகள் போதும்; திரும்பும் தூரத்தையும் சேர்த்து 12 கிலோமீட்டரில் வேலை முடியும். ஆனால் ஒரு புள்ளி 6 சென்டிமீட்டர் ஆகிவிடும். நுணுக்கம் வேண்டுமா, பரப்பு வேண்டுமா என்பதை ஏழை ஆராய்ச்சியாளர் ஒவ்வொரு முறையும் இவ்வாறு பேரம்பேசித்தான் முடிவுசெய்யவேண்டும்.

விமானம் இறங்கியதும் நூற்றுக்கணக்கான படங்கள் கைக்கு வரும். ஒரே மரம் ஐந்தாறு படங்களில் வெவ்வேறு கோணத்தில் இருக்கும். கணிப்பொறி அவற்றில் பொதுவான புள்ளிகளைத் தேடிக் கண்டுபிடித்து, கோண வேறுபாட்டிலிருந்து ஒவ்வொரு புள்ளியின் உயரத்தையும் தூரத்தையும் கணக்கிடுகிறது. ஒரு விரலை முகத்தின் முன் நீட்டி, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள், விரல் தாவுகிறதல்லவா? அந்தத் தாவலை அளப்பதுதான் இதுவும். இவ்வாறு சாய்வையெல்லாம் நீக்கி ஒட்டியெடுத்த ஒரே பெரும்படத்தின்மேல் அளவுகோலை வைத்து அளக்கலாம்.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். மலிவான ஜி.பி.எஸ். கருவி சில மீட்டர் தவறாகக் காட்டக்கூடும். காட்டில் அதனால் கேடில்லை. நிலத்தகராறிலோ, ஐந்து மீட்டர் பிழை என்றால் பக்கத்துவீட்டுக் கிணறு நம்முடையதாகிவிடும்! ஆதலால் தரையில் வெள்ளைக் குறிகளை இட்டு, அவற்றின் இடத்தை மிகத் துல்லியமான கருவியால் தனியே அளந்து, படத்தை அவற்றோடு பொருத்துவார்கள். நம் நாட்டில் கிராமக் குடியிருப்பு நிலங்களை ட்ரோன்களால் அளந்து உரிமையாளருக்குச் சொத்து அட்டை வழங்கும் 'ஸ்வாமித்வா' திட்டம் 2020 ஏப்ரல் 24-இல் தொடங்கியது. அதில் பொம்மை விமானமும் சாதாரண ஜி.பி.எஸ்.ஸும் போதா என்பது சொல்லாமலே விளங்கும்.

மீண்டும் சுமத்ராவுக்கு வருவோம். அந்தச் சிறு விமானம் கொண்டுவந்த படங்களில் காடு இருந்தது. காட்டைத் தின்றுகொண்டே வரும் எண்ணெய்ப்பனை வரிசைகள் இருந்தன. மரம் வெட்டிய அடையாளங்கள் இருந்தன. யானைகளும் மர உச்சியில் ஒராங்குட்டான் கூடும் இருந்தன. ஆயினும் இது நடந்துசென்று எண்ணுவதற்கு மாற்றாகிவிடவில்லை. கிளைகளுக்கு அடியில் மறைந்த கூடுகளை மேலிருந்து காணமுடியாது. தரையில் நின்றவர்கள் கண்ட கூடுகளில் ஒரு சிறு பங்கையே விமானம் கண்டது. 2008-இல் வெளியான மதிப்பீட்டின்படி சுமத்ரா ஒராங்குட்டான்கள் ஏறக்குறைய 6,600. 2016-இல் வெளியான மதிப்பீட்டின்படி 14,600-க்கு மேல். அவை பெருகிவிட்டனவா? இல்லை. முன்பு யாரும் நடக்காத இடங்களில், உயர்ந்த மலைகள் உட்பட, இம்முறை நடந்து பார்த்தார்கள், அவ்வளவே. நாம் பார்க்காத இடத்தில் இருப்பவை நம் கணக்கில் இல்லாமற் போகின்றன.

பார்ப்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. வெட்டப்பட்ட ஒரு துண்டு நிலம் படத்தில் தெரிகிறது. வெட்டியது பெரிய தோட்டக் கம்பெனியா, பிள்ளைகளுக்குச் சோளம் விதைக்க நினைத்த ஏழைக் குடியானவனா என்பது படத்தில் இல்லை. மேலிருந்து பார்த்தால் இரண்டும் பழுப்பு நிறம்தான்.

இதை நான் எழுதக் காரணம், நம் விளையாட்டு விழாவுக்குப் பின் நடந்த நிகழ்ச்சியே. பெற்றோர் தினத்தன்று அந்தப் புகைப்படக்காரர் எடுத்த படத்தைத் திரையில் காட்டினார்கள். மைதானம், வேப்பமரங்கள், மணிக்கூண்டு என அழகழகாய் வந்தன. அடுத்து விடுதியின் மொட்டைமாடி வந்தது. கொடிகளில் எங்கள் துணிகள் எல்லாம் காய்ந்துகொண்டிருந்தன. தலைக்குக் குளித்துவிட்டு, காய்ச்சலால் விழாவுக்கு வராத ஒருத்தி கூந்தலை உலர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அரங்கமே சிரித்தது. விடுதி மாணவியராகிய நாங்கள் சிரிக்கவில்லை. அவள் அன்றிரவு உணவுக்கு வரவில்லை. புகைப்படக்காரர் வேண்டுமென்று செய்தாரென்று நான் சொல்லமாட்டேன். காமிரா பார்க்கிறது, அதற்கு எங்கே பார்வையைத் தாழ்த்தவேண்டும் என்பது தெரியாது. விடுதிக் காப்பாளரான சிஸ்டர் மறுநாளே அவரை வரவழைத்து அப்பகுதியை அழிக்கச் செய்தார்கள். மேலும், இனிமேல் ட்ரோன் வரும் நாளை முன்னதாகவே விடுதிக்குத் தெரிவிக்கவேண்டும் என்றும் எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

அரசாங்கத்தின் விதிகளும் உண்டு. 2021 ஆகஸ்டில் வெளிவந்த ட்ரோன் விதிகளின்படி, பச்சை மண்டலம் எனக் குறிக்கப்பட்ட பகுதிகளில் 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம் வரை முன் அனுமதியின்றிப் பறக்கலாம். (நான் மேலே போட்ட 200 மீட்டர் கணக்கு இங்கே செல்லாது!) 250 கிராமுக்கு உட்பட்ட மிகச் சிறியவற்றை ஓட்டச் சான்றிதழ் வேண்டியதில்லை. பெரியவற்றுக்குச் சான்றிதழ் பெறவேண்டுமாயின், பயிற்சியோடு இரண்டு தகுதிகள் வேண்டும். ஒன்று, பத்தாம் வகுப்பில் தேறியிருக்கவேண்டும். அதற்காகத்தான் இப்போது இரவும் பகலும் படித்துக்கொண்டிருக்கிறேன். மற்றொன்று, பதினெட்டு வயது நிரம்பியிருக்கவேண்டும். அதற்கு இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. அதுவரை, அட்டையாலும் பழைய மோட்டாராலும் நானும் என் தோழியும் செய்துகொண்டிருக்கும் விமானம் விஞ்ஞான அறையின் அலமாரிமேல் இருக்கும். இடச் சிறகு சற்று ஒடிந்திருக்கிறது, யாரும் தொடவேண்டாம்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி